தங்கமான பிள்ளை

“மேடம் வந்ததும் என்ன சொல்லணும்?”

“குட் ஈவினிங்.”

“தண்ணி வேணும்னா?”

“கேட்டுட்டுக் குடிக்கணும்.”

“சும்மா கேக்கக் கூடாதுட்டி. ப்ளீஸ் சொல்லிக் கேக்கணும்!”

ஏழு வயது ஜோயா உதட்டைச் சுழித்தாள். பெருநாளுக்கு எடுத்த ஜரிகை கவுன் கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது. அதையெல்லாம் கவனிக்க உம்மா சஃப்ரீனுக்கு நேரமில்லை. குடும்ப நீதிமன்றம் அனுப்பிய விஜயலக்ஷ்மி மேடம் எந்த நிமிஷமும் வந்துவிடுவார்.

பிள்ளை உம்மாவிடம் வளர வேண்டுமா, வாப்பாவிடமா என்று ஜட்ஜ் தீர்மானிப்பதற்கு முன், இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்துப் பேசி அறிக்கை கொடுப்பது அவர் வேலை. செம்பூரில் வாப்பா தாஹிர் வீட்டைப் போன ஞாயிறே பார்த்தாகிவிட்டது. லிஃப்ட் வைத்த கட்டடம், பிள்ளைக்கென்று தனிக் கட்டில். ஞாயிறுதோறும் வாப்பாவிடம் போகிற ஜோயாவும் அன்று அங்கேதான் இருந்தாள்.

அது போதாதென்று, மறுநாளே தாஹிரின் அக்கா சாதியா போன் போட்டாள்.

“பிள்ள தங்கமா இருந்துச்சு தெரியுமா? ஒரு சத்தம் கிடையாது. தண்ணி குடிக்கக்கூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் குடிச்சுது. அந்த மேடம் வச்ச கண்ணு வாங்காம பாத்தாவ. நீயும் வளக்கியே!”

அன்றைக்குப் போன தூக்கம் சஃப்ரீனுக்கு இன்னும் திரும்பவில்லை.

அவள் இருப்பது தாராவியில் ஒற்றை அறை. அதில் பாதியைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். பை தைத்துத்தான் பிழைப்பு. ஆனாலும் மேடம் கண்ணுக்கு வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே என்று, ஜோயா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மெஷினைப் பக்கத்து வீட்டுப் பிரேமலதாவிடம் தள்ளிவிட்டிருந்தாள். அந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி, மேலே புதுத் துண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜோயாவை வாசல்படியிலேயே வைத்துக் கவுன் மாட்டியதில், அவள் இன்னும் உள்ளே பார்க்கவில்லை.

விஜயலக்ஷ்மி வந்து அதில் உட்கார்ந்தார். சஃப்ரீன் பக்கத்தில் சர்பத் கொண்டுவந்து வைத்தாள். மும்பையில் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காக்காரர். தமிழிலேயே பேசினார்.

“குட் ஈவினிங்” என்றாள் ஜோயா, சொல்லிக்கொடுத்தபடியே. சஃப்ரீனுக்கு உயிர் வந்தது.

“நீ எங்கே உக்காந்து படிப்பே ஜோயா? எனக்குக் காட்டறியா?”

ஜோயா திரும்பி மூலையைப் பார்த்தாள். அவளுடைய புத்தகம், துணித்துண்டில் செய்த பொம்மை, தீப்பெட்டி வீடு எல்லாம் அந்த மெஷினுக்கு அடியில்தான் இருக்கும். மெஷினையே காணோம்.

“உம்மா, என் எடம் எங்க?”

“பொறவு சொல்லுதேன் கண்ணு. மேடத்துக்குப் பதில் சொல்லு.”

“எங்கன்னு கேக்கேன்லா!”

“ஜோயா...”

அவ்வளவுதான். சர்பத் கிளாஸ் பறந்தது. பாதி தரையில், மீதி மேடத்தின் புடவையில். ஜோயா கவுனைப் பிடித்து இழுத்தாள். ஜரிகை கிழிந்தது. தரையில் விழுந்து காலை உதைத்தாள்.

“நீ கெட்ட உம்மா! உன்கூட கா! பேச மாட்டேன்! நான் வாப்பாகிட்டயே போறேன்!”

வாசலில் நின்ற பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள். எந்த வார்த்தை வரக்கூடாதென்று சஃப்ரீன் அஞ்சி அஞ்சிச் செத்தாளோ, அந்த வார்த்தையே வந்துவிட்டது. அதுவும் கோர்ட்டு மேடத்தின் முன்னால்.

விஜயலக்ஷ்மி ஏதோ குறித்துக்கொண்டார்.

சஃப்ரீன் மகளை அள்ளி எடுத்தாள். ஜோயா மணிக்கட்டில் கடித்தாள். அவள் விடவில்லை.

“உன் எடத்தை எடுத்தது தப்புதான். பிரேமா அக்கா வீட்டுல பத்திரமா இருக்கு. ராத்திரிக்குள்ள கொண்டாந்துருவேன். கடிச்சாச்சுல்லா? இப்ப மூச்சு விடு.”

அழுகை மெல்ல இறங்கி விக்கலாயிற்று. ஜோயா உம்மாவின் துப்பட்டாவிலேயே மூக்கைத் துடைத்தாள். இறங்கிப் போய்க் குடத்தில் கிளாஸை முக்கி, உடம்பெல்லாம் சிந்தச் சிந்தக் குடித்தாள். ப்ளீஸாவது ஒன்றாவது! திரும்பி வந்து, சண்டையே நடக்காத மாதிரி உம்மாவின் மடியில் சுருண்டு படுத்தாள்.

சஃப்ரீனுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. குட் ஈவினிங் தவிரப் பாடம் ஒன்றுகூடத் தேறவில்லை.

மேடம் பிறகு சஃப்ரீனிடம் பள்ளிக்கூடம், சாப்பாடு, காய்ச்சல் என்று சில கேள்விகள் கேட்டுவிட்டு எழுந்தார். மடியில் தூங்கிவிட்ட பிள்ளையைப் பிரேமலதாவிடம் கொடுத்துவிட்டு, சஃப்ரீன் சந்து முனை வரை ஓடிப்போய் மறித்தாள்.

“மேடம், அவ இப்படிப்பட்ட பிள்ளை இல்ல. எல்லாம் நான் மெஷினை மாத்தி வச்சதால வந்த வினை. இன்னைக்கு நடந்ததை மட்டும் எழுதிராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். அவ இல்லாம என்னால இருக்க முடியாது மேடம்.”

“பார்த்ததை எழுதாம விட முடியாதும்மா.”

சஃப்ரீன் கூப்பிய கையை இறக்கவில்லை.

“இன்னும் அவ ஸ்கூல்ல விசாரிக்கணும். அவங்க அப்பாகிட்டயும் இன்னொரு தடவை பேசணும். அதுக்கப்புறம் முடிவு ஜட்ஜோடது, என்னோடது இல்ல” என்ற விஜயலக்ஷ்மி, சர்பத் பிசுபிசுத்த முந்தானையை உதறிக்கொண்டார். “நீங்க முதல்ல அந்த மெஷினைக் கொண்டுவந்து பழைய இடத்துல வைங்க.”

இரண்டடி நடந்தவர், சஃப்ரீன் நின்ற நிலையைப் பார்த்து மனசு கேட்காமல் திரும்பினார்.

“செம்பூர்ல இதே பிள்ளை தண்ணி குடிக்கக்கூடக் கேட்டுட்டுத்தான் குடிச்சா, சஃப்ரீன். விருந்தாளியாப் போன வீட்டுல எந்தப் பிள்ளைம்மா அடம் பிடிக்கும்?”