உப்புப் பார்ப்பவள்

கோகிலவாணி கழுவிய டப்பாவைத் தூக்கிக் காட்டி, "கழுவினா இப்படிக் கழுவணும்" என்று மூன்றாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்த டீச்சர் நான்தான். அவள் அப்பா வேலை பார்த்த மில் மூடி ஐந்து மாதம் ஆகியும், பழைய சம்பளச் சான்றைக் காரணம் காட்டி இலவசச் சாப்பாட்டுப் பட்டியலில் அவளைச் சேர்க்க ஆபீசில் மறுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்துதான் கொண்டுவருகிறாளே என்று நானும் இருந்துவிட்டேன். தினமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டப்பாவுக்குள் விரல்களால் பிசைந்து, நிதானமாக மென்று விழுங்குவாள்.

சமையல்கார இருதயமேரி அக்காதான் கண்டுபிடித்தார். "பிள்ளைங்க டப்பா கழுவினா பருக்கை பொறுக்கக் காக்கா வந்து விழுது. இவ கழுவுற எடத்துக்கு மட்டும் ஒண்ணுகூட வரல டீச்சர்."

பரிமாறுமுன் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மறுநாள் அக்கா கரண்டியை என்னிடம் நீட்டவில்லை. "உங்க நாக்குக்கு உப்பே தெரியல. இனிமே இந்தப் பாப்பா பார்க்கட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, கோகிலவாணியின் டப்பாவில் விளிம்புவரை சாம்பார் சாதம் வைத்தார். "ஒரு வாயில தெரியாது. முழுசாச் சாப்பிட்டுட்டுச் சொல்லு."

முழுசாகச் சாப்பிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "உப்பு கம்மி" என்றாள்.

அக்கா மறுபேச்சில்லாமல் உப்பைக் கரைத்து அண்டாவில் ஊற்றினார். கோகிலவாணி டப்பாவோடு குழாயடிக்குப் போனாள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், மதில்மேல் காக்கையைத் தேடினேன்.