மஞ்சள் விளக்கு

"வண்டியோட கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் பாத்துட்டேன் இல்போ. மோதினப்போ அந்தச் சறுக்கல் தடுப்பு அணைஞ்சுதான் இருந்திருக்கு."

போனில் பேசியது மெக்கானிக் ராய்மோ. இல்போ சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவி சைலாவுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

வடதுருவத்தை ஒட்டிய ரொவானியெமியில் குளிர்கால இருட்டு; நண்பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுவரோர நாற்காலியில் இல்போவின் அப்பா ஆர்மாஸ், கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகளுக்கு வாங்கி வந்த ஏலக்காய் ரொட்டியை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.

முந்தாநாள் காலை இல்போவின் ஸ்போர்ட்ஸ் கார் ஏரி வளைவில் சுழன்று பைன் மரத்தில் மோதியது. ஓட்டியவள் சைலா. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. பழையபடி நடப்பாளா என்று கேட்டால், பனி உருகட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

அது பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி. ஐஸில் கொஞ்சம் அழுத்திவிட்டால் பின்பக்கம் முன்பக்கத்தைப் பார்க்க வந்துவிடும். அதற்காகத்தான் உள்ளே ஒரு கருவி. சறுக்க ஆரம்பித்ததும் தானே ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து நிறுத்தி, வண்டியை நேராக்கிவிடும். அதை நம்பித்தான் இல்போ வாங்கினான்.

ஆர்மாஸ் நம்பவில்லை. காலமெல்லாம் மரலாரி ஓட்டியவர். வண்டி சறுக்குவதை ஓட்டுகிறவனுடைய பிட்டம் சொல்ல வேண்டும், ஒயர் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

முந்தாநாள் காலை அதை அணைத்தது அவர்தான்.

ராத்திரி பனி தள்ளும் லாரி போயிருந்தது. வழக்கம்போல வீட்டு வாசலை மறித்துப் பனியைக் கரை கட்டிவிட்டுப் போயிருந்தது. இல்போ விடியுமுன்பே இன்னொரு வண்டியில் வேலைக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போக வேண்டிய சைலாவால் இந்தக் காரைக் கரை தாண்டிக் கொண்டுபோக முடியாது என்று ஆர்மாஸே போய் உட்கார்ந்தார். அவர் அழுத்த அழுத்தக் கருவி எஞ்சினின் கழுத்தைப் பிடித்தது. சக்கரம் செத்துப்போய் நின்றது. குடிகாரன் நடந்த தடம் போலப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கிப் பிடித்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது. சக்கரம் பனியை வாரி இறைத்தது. வண்டி துள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தது.

திரும்ப அமுக்கியிருக்கலாம். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார். வண்டியைச் சாலையோரம் விட்டு, உள்ளே போய்க் காபி குடித்தார்.

ராய்மோ இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. முன்னாடி யாரு அணைச்சிருந்தாலும் சரி, எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா அது தானா வேலைக்கு வந்துடும். அதனால கடைசியா ஓட்டினவங்கதான் அணைச்சிருக்கணும்."

ஆர்மாஸின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

இல்போ போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். ஏரி வளைவில் வண்டியின் வாலை ஆட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டதா என்று கேட்டான். சமையல்கட்டில் கரண்டி சுழற்றுவது போல என்று நினைத்தாயா என்றான். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்றாள் சைலா. தெரியாமல்தான் அணைந்ததா என்றான் அவன். அவள் இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாம் தடவை குரல் இறங்கிவிட்டது. சீட்டைச் சூடாக்குகிற பொத்தானும் பக்கத்தில்தானே இருக்கிறது, குளிரில் அது என்று நினைத்து இதை அமுக்கியிருந்தாலும் இருப்பேன் என்றாள். மன்னித்துக்கொள் என்றும் சொன்னாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆர்மாஸ் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. தொப்பியை இரண்டு கையாலும் திருகினார்.

சைலா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல. நான் எதையும் தொடல. ஏறி உக்காந்தப்பவே சீட்டு கதகதன்னு இருந்துச்சு. கண்ணாடியில ஐஸ்கூட இல்ல. நீ வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பண்ணி வச்சேன்னு நெனச்சேன் இல்போ."

இல்போ, தான் இல்லை என்றான்.

"நான்தான்," என்றார் ஆர்மாஸ்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளிடம் கதவைச் சாத்து, விளக்கை அணை என்பதற்கு மேல் பேசாத மனிதர். சைலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தாநாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வலியோடு கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லயே மாமா. உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குபோல."

இல்போ பையைப் பிரித்து ரொட்டியை எடுத்துக் கடித்தான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். லிஃப்டில் கீழே இறங்குவதற்குள் இந்தக் கணக்கையும் போட்டுவிடுவான்.

ஆர்மாஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் குளிரில் ஏற வேண்டாமே என்று அன்று எஞ்சினை நிறுத்தாமல், ஓடவிட்டுத்தான் இறங்கியிருந்தார். மஞ்சள் விளக்கையும் எரியவிட்டு.