மாமியார் விளக்கு

யூரோப்பியம் என்ற உலோகம் கலந்த பிசின் கண்ணாடி போலத் தெளிவானது. புற ஊதா விளக்கடியில் மட்டும் செக்கச்செவேலென்று ஒளிரும். அதில் தகடு வார்ப்பவள் வீட்டுக்குக் கிளம்புமுன் விளக்கின் முன் நின்றாள். உடையில் ஒட்டிய ஒரு சொட்டுப் பிசினைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் விடாததால் அந்த விளக்குக்கு மாமியார் என்று பெயர்.

"அக்கா, உங்க கோட்டுல, பின்னால இடுப்புக்கிட்ட, யாரோட கைத்தடம்?" என்றாள் கூட வேலை செய்பவள்.

"என் முதுகுலயா கை துடைச்ச நீ?"

கூட வேலை செய்பவள் தன் இரண்டு கைகளையும் விளக்கடியில் நீட்டினாள். சுத்தமாக இருந்தன. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை.

அக்கா கோட்டைக் கழற்றி எறிந்தாள். கோட்டில் எதுவும் இல்லை. கைத்தடம் இப்போது சட்டையில், தோள்பட்டைக்குக் கீழே ஒளிர்ந்தது.

"மாமியார அணைச்சுத் தொலைடி!"

"வேணாங்க்கா." அவள் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். "அணைச்சா, அது எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு எப்படித் தெரியும்?"