ஏழாவது கேசட்

காலை பத்தே முக்கால். உப்பளத்தில் அந்த நேரத்துக்கு நிழல் என்றால் கொட்டகைக்குள் மட்டும்தான்.

சகாயமேரி கால்களைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாதங்களில் உப்பு மறுபடி வெள்ளையாகக் காயத் தொடங்கியது.

"நாங்க தெனம் உப்பு வார்றோம். நீங்க மாசம் ஒரு தபா வந்து வாரிக்கினு போறீங்க, டாக்டரம்மா."

சந்தியா சிரித்தாள். கேசட்டைப் போட்டுப் பட்டனை அழுத்தினாள்.

இது ஏழாவது மாதம். கடைசி.

ஒரு நினைவைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது என்ன ஆகிறது என்பதுதான் சந்தியாவின் ஆராய்ச்சி. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமையை சகாயமேரி மாதம் ஒருமுறை முதலிலிருந்து சொல்வாள். முதல் இரண்டு மாதம் கூட வேலை செய்த ஜான்சன் பதிவு செய்தான். அவன் வேறு ஊருக்குப் போனபின் சந்தியா. பழைய கேசட்டுகளைக் கேட்காமல்தான் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி.

வெளியே பாத்தித் தண்ணீரில் வானம் கிடந்தது. ஒரு மேகத்தின் நடுவில் நின்று பக்கத்துப் பாத்தி ஆண்டாள் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏ மேரி, உன் பாத்தியையும் நானே வாரணுமா?"

"வாருடி. கை தேஞ்சா பூடும்?"

சகாயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். குரல் இறங்கியது.

கிறிஸ்துமசுக்கு மறுநாள். மீன் வாங்கக் கரைக்குப் போனார்கள், அவளும் ஆறு வயது மகள் அமலியும். கடல் வெகுதூரம் உள்ளே போயிற்று. பிறகு வந்தது. சோப்புப் போட்டதுபோல அமலியின் கை வழுக்கியது.

முன்பெல்லாம் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். டேப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது நிதானமாகச் சொன்னாள்.

"சத்தமே இல்ல. எங்க பாத்தாலும் பச்சைத் தண்ணி. கொழந்தையோட சடை என் முன்னாடி மெதக்குது. புடிச்சிட்டேன். கொஞ்ச நேரம் புடிச்சினே இருந்தேன். அப்புறம் ரிப்பன் மட்டும் அவுந்து கையோட வந்துடுச்சு. மஞ்ச ரிப்பன்."

மடிமேல் அவளுடைய வலது கை மூடியிருந்தது.

மூன்றாவது மாதம் சந்தியா கேட்ட முதல் கேள்வி அது. ரெட்டைச் சடையா அக்கா, ரிப்பன் என்ன கலர்? பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விதான். சகாயமேரி பாத்திகளைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தாள். பிறகு, மஞ்சள் என்றாள்.

அந்த மாதத்திலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. படிவத்தில் கெட்ட இரவுகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. போன மாதம் ஒரு இரவுகூட அவள் அலறி எழவில்லை. சென்னையில் ஆராய்ச்சிக் குழுவில் எல்லோருக்கும் திருப்தி.

படிவத்தில் அடுத்த கேள்வி கனவு பற்றியது. சந்தியா கேட்டாள்.

"வருதுங்க. சடை பின்னி உட்றேன். தலைய ஆட்டாம உக்காந்துனு இருக்கும்."

சந்தியா எழுதவில்லை.

கடைசி நாள்தானே என்று இன்று காலை பஸ்ஸில் விதியை மீறி முதல் கேசட்டைக் கேட்டிருந்தாள். மாமல்லபுரம் தாண்டியதும் கேசட்டில் அமலியின் கை வழுக்கும் இடம் வந்தது. மரக்காணம் வரும்வரை அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

அழுகைக்கு நடுவில் சகாயமேரியின் குரல். வேளாங்கண்ணில மொட்டை போட்டுப் பத்து நாள்தான் ஆச்சு சார். புடிக்கிறதுக்கு ஒரு முடி இல்லியே. நான் நேர்ந்துகிட்ட மொட்டை சார்.

அமலியின் போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. வீடே மிஞ்சவில்லை. அந்த மொட்டைத் தலை இப்போது ஒரு கேசட்டில் மட்டும் இருந்தது. கேசட் சந்தியாவின் பையில் இருந்தது.

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

சகாயமேரி கண்ணைத் திறந்தாள். வெளிச்சத்துக்கு முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். மூடிய கையைத் திறந்து உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சந்தியாவின் பையைப் பார்த்தாள்.

"பொட்டியெல்லாம் கொட்டித் தேடிட்டேன், டாக்டரம்மா. அந்த ரிப்பன் எங்கயும் இல்ல. ஒருவேள உங்ககிட்ட குடுத்து வச்சேனா?"