நட்டத்துக்கு விற்றவர்

“எங்க ஃபண்டை விக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டு, உங்களோடதை மட்டும் வித்துட்டீங்களா?”

டீ டைமில் சித்ரகலா போட்ட சத்தத்தில் பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

கணக்குப் பார்க்கும் குமாரவேல் டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன பேச்சு அம்மிணி இது?”

“நீங்க போன்ல பேசுனதை எங்காதால கேட்டனுங்ண்ணா. எல்லாத்தையும் வித்துருங்கன்னு சொன்னீங்களா, இல்லீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னேன்.”

அருள்புரத்து அந்தப் பனியன் கம்பெனியில் பெண்களை மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்துவிட்டதே அவர்தான். மகளின் காலேஜுக்கென்று சித்ரகலாவும் மாசாமாசம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டு வந்தாள். இப்போது மார்க்கெட் சரிந்து, செல்போனைத் திறந்தாலே சிவப்பாகத் தெரிந்தது. பயந்து போய்க் கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றேதான்.

“இதுக்குப் பேரு கரெக்‌ஷன் அம்மிணி. மார்க்கெட்டுன்னா ஏறும், எறங்கும். பயந்துட்டு வித்தாத்தான் நட்டம் நெசமாகும். உடனே தேவைப்படாத பணம்னா இருக்கட்டும் விடுங்க.”

அப்படிச் சொன்ன மனுசன் சத்தமில்லாமல் தப்பித்துக்கொண்டாரே!

“நாங்க முழுகோணும், நீங்க மட்டும் கரையேறோணும். நல்லா இருங்க!”

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார் குமாரவேல். ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அன்றைக்கே சித்ரகலா எல்லாவற்றையும் விற்றாள். கைக்கு வந்தது போட்டதை விடக் குறைவு.

“நீ கேட்ட அந்தக் காலேஜ் வேண்டாம் கண்ணு. பக்கத்துல வேற ஏதாச்சும் பாக்கலாம்.”

மகள் அழவில்லை. “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அதுதான் சித்ரகலாவால் தாங்க முடியவில்லை.

சில நாளில், கூட வேலை செய்யும் முத்தாயியின் புருசன் வெள்ளையன் போய்விட்டார். இருதய ஆபரேஷனுக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

துக்கத்துக்குப் போனபோது பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் குமாரவேல். சித்ரகலா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

முத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து மெல்லக் கேட்டாள் சித்ரகலா.

“அத்தனையும் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கும். உங்க ஃபண்டாவது மிஞ்சுச்சுங்களாக்கா?”

“அது அப்படியே கெடக்குது கண்ணு. விக்கத்தான் போனேன். ‘இப்ப வித்தா நட்டமுங்க, நாளைக்கு உங்க கொழந்தைகளுக்கு அது வேணும்’னு தடுத்துட்டாரு குமாரவேலண்ணன். ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு.”

முத்தாயிக்கு மறுபடி அழுகை பொங்கியது.

“அவரோட ஃபண்டைப் பூராவும் நட்டத்துக்கு வித்து ஆபரேஷனுக்குக் கட்டுனாரு. அப்படியும் எங்கூட்டுக்காரரு தங்கலையே!”