விழும் சத்தம்

"உன் செருப்பைக் கொடு, இன்னைக்குக் கதாநாயகிக்கு நான்தான் நடக்கணும்" என்று சிரித்தபடி, சீரியல்களுக்குக் காலடிச் சத்தம், விழும் சத்தமெல்லாம் செய்து கொடுக்கும் என் கணவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கிளம்பினார்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் அங்கே போய், எடிட்டரிடம், "அந்த விழுற சத்தத்தை அழிச்சிடு" என்றேன்.

"ஐயோ அக்கா! அண்ணன் பண்ணதுலயே அதுதான் டாப்பு. எந்த சீரியல்ல யார் விழுந்தாலும் அதைத்தான் போடறோம்."

"அது பதிவானதும் மைக்குல அவர்கிட்ட என்ன சொன்னே?"

"'பிரமாதம்ணே, இன்னொரு டேக் போலாம்'னு..."

"எழுந்தாரா?"

"வேலைக்காக விழறாருன்னு நினைச்சுட்டேன்க்கா. நெஞ்சுவலின்னு தெரியாது."

"அன்னைக்குத் தெரியல, சரி. இப்பத் தெரிஞ்சும் போடறியேடா, பாவி!"

அழிப்பதாகச் சத்தியம் செய்தான்.

நேற்றும் டிவியில் ஒரு கோமாளி அதே சத்தத்தோடு விழுந்தான். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.