கழற்றி மாட்டும் பலகை

பட்டறை ஜன்னல் வழியாக மதிய வெளிச்சம் மேசை மீது சாம்பல் நிறத்தில் விழுகிறது. தச்சு வேலை செய்யும் அக்கா, விரித்த அட்டையின் மேல் தம்பியின் இடது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைகிறாள். "விரலை நல்லா விரிடா." விரிக்கிறான். வலது கை மணிக்கட்டோடு முடிந்து வெள்ளைக் கட்டுக்குள் இருக்கிறது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தில் அது போய் ஐந்து வாரம் ஆகிறது. இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்த வீடியோ கேம் பெட்டி மூலையில் பீரோ போல நிற்கிறது. இடப் பக்கம் ஜாய்ஸ்டிக்குக்கும் வலப் பக்கம் ஆறு பட்டன்களுக்கும் ஓட்டை போட்ட அதன் பழைய பலகை சுவரோரம் கிடக்கிறது. அவள் அட்டையில் ஒவ்வொரு விரல் நுனிக்கும் பட்டனுக்காக ஒரு வட்டம் போடுகிறாள், கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு. "பட்டன் ஒரு துண்டு, ஜாய்ஸ்டிக் ஒரு துண்டு. தனித்தனியா கழட்டி எங்க வேணும்னாலும் மாட்டிக்கலாம்." "ம்" என்கிறான், அட்டையைப் பார்க்காமல். அவள் ஜாய்ஸ்டிக்கை அவனுக்கு வலப் பக்கம் வைத்து அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்கிறாள். வெகுநேரம் கழித்து அவன் வலது முன்கையை அதன் மேல் சாய்த்துத் தள்ளுகிறான். டக். வயர் எதிலும் இணைக்கப்படவில்லை. மறுபடியும் தள்ளுகிறான். டக். "வலிக்குதாடா?" "தெரியலக்கா." அவள் தலை நிமிராமல் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றிக் கோடு இழுக்கிறாள். கோடு முக்கால்வாசி வரும்போது அவன் சொல்கிறான்: "முழங்கை விலாவுல இடிக்குது. ரெண்டு விரல் தள்ளி வை." அவள் ரப்பரைத் தேடி எடுத்து, போட்ட கோட்டை அழிக்கத் தொடங்குகிறாள்.